மானிய உரத்துக்கு விரல் வைக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துக்குங்க

போன சம்பாவுல எங்க சித்தி கடைக்கு போய் ரெண்டு மூட்டை யூரியா வாங்கிட்டு வந்தாங்க. ராத்திரி சுருக்குப்பைய அவுத்து வெத்தலை எடுக்கும்போது கூடவே மடிச்சு வச்சிருந்த துண்டுச்சீட்டு கீழ விழுந்துச்சு, எடுத்து பிரிச்சு பாத்தா ஏழு மூட்டைன்னு போட்டிருக்கு. சித்திக்கு எழுத படிக்க தெரியாது, கடைக்காரர் விரல் வைக்க சொன்னாரு வச்சாங்க, சீட்டு குடுத்தாரு வாங்கிட்டாங்க, அவ்ளோதான். மறுநாள் நான் போய் கேட்டப்போ அவரு ரொம்ப சாதாரணமா சொன்னாரு, "மெஷின்ல ஸ்டாக்கு நிக்கிது தம்பி, அத சரி பண்ண போட்டேன், சித்திக்கு காசு ஒண்ணும் கூட வாங்கலையே, அவங்களுக்கு என்ன நஷ்டம்?"

என்ன நஷ்டம்ன்னு அன்னைக்கு எனக்கே சரியா சொல்ல தெரியல. அப்புறம் வேளாண்மை ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட உக்காந்து கேட்டு தெரிஞ்சுகிட்டேன். அதுக்கப்புறம் எங்க தெருவுல யாரு உரம் வாங்க போனாலும் முடிஞ்சா கூட போறேன், இல்லாட்டி இதையெல்லாம் சொல்லி அனுப்புறேன். எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சா உங்க வீட்ல இருக்குற பெரியவங்களுக்கு படிச்சு காட்டலாமேன்னுதான் இது.

முதல்ல அந்த மெஷின் என்னன்னு புரிஞ்சுக்கணும். உரக்கடையிலயும் கூட்டுறவு சொசைட்டியிலயும் கையடக்கமா ஒரு மெஷின் இருக்குமே, பிஓஎஸ் மெஷின்ன்னு சொல்லுவாங்க, அது வெறும் பில் போடுற மெஷின் இல்ல. யூரியா, டிஏபி, பொட்டாஷ், காம்ப்ளக்ஸ் எல்லாத்துக்கும் மத்திய அரசு மானியம் குடுக்குது. அந்த மானியம் நம்ம பேங்க் கணக்குக்கு வராது, உரக் கம்பெனிக்கு போகுது. முன்னாடியெல்லாம் சரக்கு மாவட்டத்துக்கு வந்து சேந்தாலே கம்பெனிக்கு பெரும்பகுதி பணம் போயிடும், அதுக்கப்புறம் அந்த மூட்டை வயலுக்கு போச்சா, வேற எங்கயாவது போச்சான்னு யாருக்கும் கணக்கு கிடையாது. 2016 அக்டோபர்ல சில மாவட்டத்துல சோதனையா ஆரம்பிச்சு 2018 மார்ச்சுக்குள்ள நாடு முழுக்க மாத்துனாங்க. இப்ப ஒரு விவசாயி வந்து விரல் வச்சு அந்த மூட்டை வித்ததா மெஷின்ல பதிவானாத்தான் கம்பெனிக்கு மானியம்.

அதாவது நம்ம விரலுதான் கூப்பன். பேப்பர்ல அச்சடிச்ச கூப்பனா இருந்தா பத்திரமா பெட்டியில வச்சிருப்போம், அடுத்தவன் கையில குடுக்க மாட்டோம். விரலுங்கறதால கேட்ட உடனே நீட்டிடறோம். இது ஒண்ணு மனசுல பதிஞ்சா மீதி எல்லாம் தன்னால புரியும்.

எவ்வளவு பணம் இதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். 2021 மே மாசத்துல உலக மார்க்கெட்ல விலை ஏறி டிஏபி மூட்டை 2,400 ரூபாய்க்கு வந்து நின்னுச்சு, அப்போ மத்திய அரசு மூட்டைக்கு 500 ரூபாயா இருந்த மானியத்த 1,200 ஆக்குனாங்க, நம்ம கையில 1,200 ரூபாய்க்கே கிடைச்சுது. சரிபாதி நம்ம காசு, சரிபாதி அரசு காசு. யூரியால இன்னும் அதிகம், நாம மூட்டைக்கு குடுக்குறத விட அரசு குடுக்குறது பல மடங்கு. சித்தி பேர்ல போட்ட அந்த அஞ்சு மூட்டைக்கும் மானியம் அவங்க விரல் மேலதான் போயிருக்கு, ஆனா மூட்டை அவங்க வயலுக்கு வரல. எங்க போச்சுன்னு எனக்கும் தெரியாது சித்திக்கும் தெரியாது, அரசு கணக்குல மட்டும் அது சித்தி வயல்ல கரைஞ்சிருச்சு.

இன்னொண்ணும் இருக்கு. ஒரு மாசத்துல யாரு அதிகமா உரம் வாங்கிருக்காங்கன்னு மாவட்ட வாரியா முதல் இருபது பேர் பட்டியல் எடுத்து அதிகாரிங்க நேர்ல விசாரிக்கிற வழக்கம் இருக்கு. ஒரு ஏக்கர் குத்தகைக்காரர் பேர்ல அளவுக்கு மீறி மூட்டை நின்னா விசாரணை அவரு வீட்டு வாசலுக்குத்தான் வரும், கடைக்காரர் வாசலுக்கு அப்புறம்தான். ஒரு ஆளுக்கு மாசத்துக்கு இத்தனை மூட்டைதான்னு மெஷின்ல வரம்பும் வச்சிருக்காங்க. உங்க பேர்ல வேற யாரோ எடுத்திருந்தா உங்களுக்கு வேணுங்கறப்போ மெஷின் இல்லன்னு சொல்லிடும்.

சரி, இப்ப வாங்குற வேலைக்கு வருவோம்.

வீட்ட விட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே எத்தனை மூட்டை வேணும்ன்னு கணக்கு போட்டுட்டு போங்க. கடையில போய் நின்னுகிட்டு "எத்தனை போடட்டும்?"ன்னு அவரு கேட்டு நாம யோசிச்சா அவரு சொல்றதுதான் கணக்கு. நெல்லுக்கு மத்திய கால, நீண்ட கால ரகத்துக்கு பொதுவான சிபாரிசு எக்டேருக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) 150 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 50. இத ஏக்கருக்கு மாத்துனா தழை 60, மணி 20, சாம்பல் 20. நம்ம பக்கம் மூணு மா ஒரு ஏக்கர், அதனால மா கணக்குல வேணும்னா மூணால வகுத்துக்குங்க. ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போட்டா, அதுல தழை 9 கிலோ, மணி 23 கிலோ வந்துருது, மணிச்சத்து அதோட முடிஞ்சுது. தழை இன்னும் 51 கிலோ வேணும். யூரியால நூத்துக்கு 46 பங்கு தழைச்சத்து, மூட்டை 45 கிலோ, அப்போ மூட்டைக்கு 20.7 கிலோ. 51 கிலோவுக்கு கிட்டத்தட்ட ரெண்டரை மூட்டை. பொட்டாஷ் 33 கிலோ போதும். இதையும் ஒரே தடவையா கொட்டாம அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போதுன்னு நாலா பிரிக்கணும். மண் பரிசோதனை அட்டை இருந்தா அதுல சொல்ற அளவுதான் சரி, இல்லாதவங்களுக்குத்தான் இந்த பொதுக்கணக்கு. எங்க ஊர்ல பயிர் கருப்பச்சையா நிக்கணும்ன்னு ஏக்கருக்கு நாலு மூட்டை யூரியா போடுறவங்க இருக்காங்க, அப்புறம் புகையானுக்கும் இலை சுருட்டுப்புழுவுக்கும் மருந்தடிச்சு மாளாது. இலை வண்ண அட்டைன்னு ஒண்ணு குடுப்பாங்க, வேளாண்மை விரிவாக்க மையத்துல கேட்டு வாங்கி இலையோட ஒட்டி வச்சு பச்சை எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு யூரியா போடுங்க, யூரியா மிச்சமாகும்.

அடுத்தது, எந்த கடையில ஸ்டாக்கு இருக்குன்னு பாக்கறது. தமிழ்நாடு அரசோட உழவன் ஆப்ல உரம் இருப்பு நிலைன்னு ஒரு பகுதி இருக்கு, மாவட்டம் வட்டாரம் தேர்ந்தெடுத்தா கடை வாரியா எத்தனை இருக்குன்னு காட்டும். ஆப்ல 80 மூட்டை காட்டுது, கடைக்கு போனா "ஸ்டாக்கே இல்ல"ன்னு சொல்றாங்க, இது எங்களுக்கு பலமுறை நடந்திருக்கு. காரணம் இப்ப எனக்கு தெரியும். கூட்டத்துல, அவசரத்துல, மெஷின்ல போடாமயே மூட்டைய தூக்கி குடுத்துடறாங்க. குடோன் காலியாயிடும், மெஷின்ல மட்டும் ஸ்டாக்கு அப்படியே நிக்கும். மேல இருக்குறவங்க மெஷின பாத்துட்டு "இந்த ஊருக்குத்தான் சரக்கு இருக்கே"ன்னு அடுத்த லோடு அனுப்ப மாட்டாங்க. லோடு வரணும்னா மெஷின்ல இருக்குற ஸ்டாக்க கழிக்கணும், கழிக்க யாரோட விரலாவது வேணும். சித்தி விரல் அதுக்குத்தான் போச்சு. பில் இல்லாம ரெண்டு மூட்டை அவசரத்துக்கு தூக்கிட்டு வர்றவரு தப்பு பண்றதா நினைச்சு பண்ணல, ஆனா அதுதான் ரெண்டு வாரம் கழிச்சு ஊருக்கே யூரியா வராம பண்ணுது.

கடைக்கு கிளம்பும்போது ஆதார் அட்டை, ஆதாரோட இணைச்ச நம்பர் இருக்குற போன், சில்லறையோட காசு. இது மூணும் போதும். பட்டா சிட்டா எல்லாம் ரொக்கத்துக்கு வாங்கும்போது நான் பாத்தவரை கேட்டதில்ல, நிலம் யாரு பேர்ல இருக்குன்னு இந்த முறை பாக்கறதில்ல. குத்தகைக்கு பண்றவங்களுக்கு இது ஒரு பெரிய நல்லது, மத்த எந்த திட்டத்துக்கு போனாலும் நிலம் பேர்ல இல்லன்னு திருப்பி அனுப்புறாங்களே. சொசைட்டியில பயிர்க்கடன்ல உரம் எடுக்கறது வேற, அதுக்கு கடன் வாங்கும்போதே சிட்டா அடங்கல் குடுத்திருப்பீங்க. கடன் தொகையில ஒரு பகுதி ரொக்கமா வரும், ஒரு பகுதி உரமா வரும். உரமா எடுக்கும்போதும் அதே மெஷின், அதே விரல், அதே பில். "கடன்லதானே எடுக்குறீங்க, சீட்டு எதுக்கு"ன்னு சொன்னா விடாதீங்க, உங்க கடன் கணக்குல ஏத்துற மூட்டையும் பில்லுல இருக்குற மூட்டையும் ஒண்ணா இருக்கான்னு அப்பத்தான் பாக்க முடியும்.

கடைக்கு உள்ள போனதும் போர்ட பாருங்க. இன்னைக்கு எந்த உரம் எத்தனை இருப்பு, என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதி வைக்கணும், உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985ல இருக்கு. போர்டு இல்லன்னா கேளுங்க. அடுத்தது மூட்டைய பாருங்க. யூரியா 45 கிலோ மூட்டை வரியோட 266 ரூபாய் 50 காசு. டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய். காம்ப்ளக்ஸ், பொட்டாஷ் எல்லாம் கம்பெனிக்கு கம்பெனி விலை மாறும், 2010ல இருந்து அதோட விலைய கம்பெனிங்கதான் வைக்கிறாங்க, அதனால மூட்டை மேல அச்சடிச்சிருக்குற எம்ஆர்பிதான் உங்களுக்கு ஆதாரம். 2022 அக்டோபருக்கு அப்புறம் எந்த கம்பெனி உரமா இருந்தாலும் பாரத் யூரியா, பாரத் டிஏபின்னு ஒரே பேர்ல வருது, கம்பெனி பேரு கீழ சின்னதா இருக்கும், அதனால "பழைய கம்பெனி மூட்டை இல்லையே, டூப்ளிகேட்டா இருக்குமோ"ன்னு பயப்பட வேண்டாம். தையல் பிரிச்சு மறுபடி தைச்ச மாதிரி இருந்தா மட்டும் வேற மூட்டை கேளுங்க.

யூரியாவுக்கு 300, 320ன்னு கேக்குறாங்கன்னு ஊர் ஊருக்கு புலம்பல் இருக்கு. கேட்டா ஏத்துக்கூலி இறக்குக்கூலின்னு சொல்லுவாங்க. வயலுக்கு வண்டியில கொண்டு வந்து இறக்குனா அது வேற கூலி, அத தனியா பேசிக்கலாம். கடையில நின்னு வாங்குற மூட்டைக்கு எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபாய் வாங்குனாலும் சட்டப்படி குத்தம்தான்.

இப்ப மெஷின். கடைக்காரர் உங்க ஆதார் நம்பர அடிப்பாரு, நீங்க விரல் வைக்கணும், உரம் பேரும் எண்ணிக்கையும் தட்டுவாரு. எது முன்னாடி எது பின்னாடின்னு இருந்தாலும் ஒரு விஷயத்துல உறுதியா இருங்க: எண்ணிக்கைய வாய்விட்டு சொல்லுங்க, "ரெண்டு யூரியா, ஒரு டிஏபி". மெஷின உங்க பக்கம் திருப்பி காட்ட சொல்லுங்க. படிக்க தெரியாட்டியும் பரவால்ல, ரூபா நோட்டுல எண்ணு பாக்க தெரிஞ்ச யாருக்கும் 2ம் 7ம் தெரியும். சித்தி இப்ப அப்படித்தான் பண்றாங்க, விரல எடுக்கறதுக்கு முன்னாடியே "எத்தனைன்னு காட்டுப்பா"ன்னு கேக்குறாங்க, கடைக்காரரும் ஒண்ணும் சொல்லாம திருப்பி காட்டுறாரு.

விரல் ஏறலன்னா என்ன பண்றதுங்கறதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. நாத்து பறிச்சு நட்டு களை எடுத்து களை எடுத்து நம்ம பெரியவங்க விரல்ல ரேகையே தேஞ்சு போயிருக்கும். போன ஐப்பசியில நடவு முடிச்சு நேரா கடைக்கு வந்த சித்தி ஒவ்வொரு விரலா வச்சு பாத்தாங்க, நகக்கண்ணு எல்லாம் சேறு, முந்தானையில துடைச்சு துடைச்சு வைக்கிறாங்க, மெஷின் பீப்ன்னு சத்தம் போட்டு வேண்டாங்குது, பின்னாடி வரிசையில நிக்கிறவங்க முணுமுணுக்குறாங்க. அந்த நேரத்துல அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்கிது, ஏதோ தான் பண்ண தப்பு மாதிரி. அவங்க தப்பு ஒண்ணுமே இல்ல. பண்ண வேண்டியது இதுதான்: சோப்பு போட்டு கைய கழுவி நல்லா ஈரம் போக துடைச்சுட்டு வைங்க, ரொம்ப வறண்டு வெடிச்சிருந்தா ஒரு துளி தேங்கா எண்ணெய் தடவி துடைச்சுட்டு வைங்க, மெஷின் கண்ணாடியையும் ஒரு துணியால துடைக்க சொல்லுங்க. கட்டைவிரல்தான் வைக்கணும்ன்னு இல்ல, பத்து விரல்ல எது வேணா வைக்கலாம். பல பேருக்கு மோதிர விரலும் இடது கை விரலும் ஏறும், ஏன்னா அதுல தேய்மானம் கம்மி. எந்த விரல் ஏறுச்சோ அத ஞாபகம் வச்சுக்குங்க, அடுத்த தடவை அதையே முதல்ல வைங்க. அப்பவும் ஏறலன்னா போனுக்கு ஓடிபி வர வைக்கிற வழி மெஷின்ல இருக்கு, 2020ல இருந்தே இருக்கு, ஆனா பல கடைக்காரங்க அத சொல்றதில்ல. நீங்களா கேளுங்க, "ஓடிபில போடுங்க"ன்னு. அதுக்குத்தான் ஆதாரோட போன் நம்பர் இணைச்சிருக்கணும்ன்னு சொன்னேன். நம்பர் மாறி போயிருந்தா தபால் ஆபீஸ்லயோ ஆதார் சேவை மையத்துலயோ மாத்திக்கலாம், அங்க போகும்போதே கைரேகையும் புதுசா பதிஞ்சுட்டு வந்துடுங்க. இதெல்லாம் நடவு நெருக்கத்துல ஓடாம சித்திரை வைகாசியில வேலை இல்லாதப்போ முடிச்சு வச்சுக்குங்க.

விரல் ஏறலன்னு சொல்லி கடைக்காரர் பக்கத்துல நிக்கிறவர கூப்பிட்டு அவரு விரல்ல உங்க மூட்டைய போட்டு குடுப்பாரு. உதவிதானேன்னு தோணும். அவரு கணக்குல உங்க மூட்டை ஏறும், அடுத்த வாரம் உங்க கணக்குல இன்னொருத்தர் மூட்டை ஏறும், இப்படி ஊரே கலந்து போனப்புறம் யாரு எவ்வளவு வாங்குனாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. வீட்ல உள்ள மகனோ மருமகளோ தன் ஆதார்ல வாங்குறதுல ஒரு தப்பும் இல்ல, வீட்டுக்காரங்க வாங்கி வீட்டு வயலுக்கு போடுறாங்க. வெளியாள் விரல்தான் வேண்டாம்.

நெட்வொர்க் இல்லன்னு சொல்லி "விரல மட்டும் வச்சுட்டு போங்க, அப்புறம் பில் போட்டுக்குறேன்"ன்னு சொன்னா போகாதீங்க. நெட்வொர்க் இல்லன்னா விரல் வச்சும் புண்ணியமில்ல. சிக்னல் வர்ற இடத்துக்கு மெஷின எடுத்துட்டு வர சொல்லலாம், எங்க ஊர் சொசைட்டியில வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு அங்கதான் போடுறாங்க. விரல் வச்சா அந்த இடத்துலயே மூட்டை கைக்கு வரணும், மூட்டை வந்தா அந்த இடத்துலயே பில் வரணும்.

பில்லுல என்ன பாக்கணும்? உங்க பேரு, தேதி, கடை பேரு, உரத்தோட பேரு, எத்தனை மூட்டை, ஒரு மூட்டை என்ன விலை, மொத்தம் எவ்வளவு. கூடவே அரசு குடுத்த மானியம் எவ்வளவுன்னும் அதுல இருக்கும், அந்த வரிய வீட்ல எல்லாருக்கும் ஒரு தடவை காட்டுங்க, எவ்வளவு பெரிய தொகை நம்ம விரல் மேல போகுதுன்னு அப்பத்தான் உறைக்கும். அந்த சீட்டு பஸ் டிக்கெட் மாதிரி வழவழ பேப்பர், ரெண்டு மாசத்துல எழுத்து மங்கி வெள்ளையாயிடும். அதனால அங்கயே போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. கையில எழுதி குடுக்குற வெள்ளைத்தாள் பில் போதும்ன்னு விட்டுடாதீங்க, மெஷின் சீட்டும் வேணும்.

அப்புறம் இந்த சேத்து விக்கிற கொடுமை. யூரியா வேணும்னா கூட ஒரு பாட்டில் நானோ யூரியாங்கற திரவ உரம், இல்லாட்டி ஏதோ ஒரு வளர்ச்சி ஊக்கி டப்பா, ஜிங்க் பாக்கெட்டு வாங்கணும்ங்கறாங்க. 266 ரூபாய் மூட்டைக்கு போனவரு 700 ரூபாய் குடுத்துட்டு வர்றாரு. இப்படி கட்டாயப்படுத்தி விக்கக் கூடாதுன்னு வேளாண்மைத்துறை திரும்ப திரும்ப எச்சரிக்குது, மீறுனா உர லைசென்ஸ் ரத்து வரைக்கும் போகும். கடைக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, மொத்த வியாபாரி அவங்க தலையில அப்படித்தான் கட்டுறாரு, யூரியா லோடு வேணும்னா இதையும் எடுங்கறாரு. அது உண்மைதான். ஆனா அந்த சுமை கடைசியா வந்து இறங்குறது அரை ஏக்கர் வச்சிருக்குறவன் தலையில, அவனுக்கு கீழ இறக்கி வைக்க யாரும் இல்ல. "எனக்கு யூரியா மட்டும் போதும், கூட குடுக்குறதுக்கு தனி பில் போடுங்க"ன்னு கேளுங்க. பில் கேட்ட உடனே பாதி பேர் அந்த பாட்டில உள்ள எடுத்து வச்சுடுவாங்க, எங்க கண்ணு முன்னாடி நடந்திருக்கு.

வெளிநாட்டுல இதே வேலைய நிஜமான எலக்ட்ரானிக் கூப்பன் வச்சே பண்ணிருக்காங்க. ஆப்பிரிக்காவுல ஜாம்பியாவுல 2017-18 பருவத்துல நாடு முழுக்க சின்ன விவசாயிங்களுக்கு கார்டு குடுத்தாங்க, விவசாயி 400 குவாச்சா (அந்த நாட்டு காசு) கட்டுனா அரசு 1,700 போட்டு 2,100 குவாச்சா கார்டுல இருக்கும், உரம்தான் வாங்கணும்ன்னு இல்ல, விதை, கோழித்தீவனம், மாட்டு மருந்துன்னு தனக்கு எது வேணுமோ அத வாங்கிக்கலாம். எனக்கு அந்த முறையில ரொம்ப பிடிச்சது அதுதான். ஆனா கார்டுல பணம் ஏறுறது தாமதமாகி விதைக்கிற காலம் தாண்டி போச்சு, கடைக்காரங்களுக்கும் பணம் லேட்டாச்சு, அடுத்தடுத்த வருஷத்துல பல மாவட்டம் பழையபடி மூட்டையாவே குடுக்குறதுக்கு திரும்பிட்டாங்க. மலாவியில 2020ல பேப்பர் கூப்பன விட்டுட்டு அடையாள அட்டைய மெஷின்ல காட்டி வாங்குற முறை வந்துச்சு, நெட்வொர்க் படுத்து ஜனங்க நாள் கணக்கா வரிசையில நின்னாங்க. நம்ம ஊர் வேப்பமரத்தடி கதைதான் அங்கயும்.

நம்ம நாட்டுலயும் இ-ரூபின்னு ஒரு எலக்ட்ரானிக் கூப்பன் 2021 ஆகஸ்ட் 2ஆம் தேதி கொண்டு வந்தாங்க. இன்ன ஆளுக்கு, இன்ன காரியத்துக்குன்னு குறிச்சு போனுக்கு க்யூஆர் கோடாவோ எஸ்எம்எஸ்ஸாவோ வரும், பேங்க் ஆப்பும் வேண்டாம் கார்டும் வேண்டாம், பட்டன் போனுக்கும் வரும். எப்பவாவது ஏதாவது திட்டத்துல உங்களுக்கு அப்படி வந்தா, கடைக்காரர் அத ஸ்கேன் பண்ணதும் உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அத சொன்னாத்தான் பணம் கழியும். பொருள் கைக்கு வர்ற வரைக்கும் அந்த நம்பர சொல்லாதீங்க. போன்ல கூப்பிட்டு "உர கூப்பன் வந்திருக்கு நம்பர் சொல்லுங்க"ன்னு எவன் கேட்டாலும் திருடன்னு வச்சுக்குங்க.

தமிழ்நாட்டுல விதை, நுண்ணூட்டம், கருவி மாதிரி மத்த மானியத்துக்கெல்லாம் பதிவு தனி. அதுக்கு நில விவரம், ஆதார், பேங்க் கணக்கு எல்லாம் கேப்பாங்க, கூடவே இப்ப விவசாயிகளுக்கு தனி அடையாள எண் குடுக்குறாங்க. உங்க ஊர்ல முகாம் போட்டா தவறாம போய் பதிஞ்சு வச்சுக்குங்க. சிட்டாவுல பேரும் ஆதார்ல பேரும் ஒரே மாதிரி இல்லாம இழுத்தடிக்குது பல பேருக்கு, இனிஷியல் முன்னாடி பின்னாடி இருந்தாலே வம்பு, அத முதல்ல சரி பண்ணிட்டு போங்க.

தப்பு நடந்திருந்தா என்ன பண்றதுன்னு கடைசியா சொல்லிடறேன். மூட்டை எண்ணிக்கை தப்பா போட்டிருந்தா அன்னைக்கே, சீட்டோட, கடைக்கே போய் கேளுங்க, பாதி விஷயம் அங்கயே முடியும். முடியலன்னா சீட்டு போட்டோ, மூட்டையில எம்ஆர்பி இருக்குற பக்கத்தோட போட்டோ, என்ன தேதி எத்தனை ரூபாய் குடுத்தீங்கன்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துல குடுங்க, அங்க இருக்குற வேளாண்மை அலுவலர்தான் பெரும்பாலும் உர ஆய்வாளரும். மனு வாங்குனதுக்கு கையெழுத்து வாங்காம திரும்பாதீங்க. அங்கயும் நகரலன்னா மாசாமாசம் கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல குடுக்கலாம், அங்க எல்லா துறை அதிகாரியும் உக்காந்திருப்பாங்க, நாலு பேர் முன்னாடி கேக்கும்போது பதில் சொல்லித்தான் ஆகணும். போன்லயே சொல்லணும்னா முதல்வரின் முகவரிங்கற அரசு புகார் நம்பர் 1100. உர அளவு, பயிர் சந்தேகத்துக்கு கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசு ஆகாது, தமிழ்லயே பேசுவாங்க.

உங்க விரல யாராவது தெரியாம பயன்படுத்திருக்காங்களான்னு சந்தேகமா இருந்தா ஆதார் வெப்சைட்லயோ எம்ஆதார் ஆப்லயோ கடைசி ஆறு மாசத்துல உங்க ஆதார் எப்பப்போ சரிபார்க்கப்பட்டுச்சுன்னு பாக்கலாம். எத்தனை மூட்டைன்னு அதுல இருக்காது, ஆனா எந்த தேதி எத்தனை மணிக்குன்னு இருக்கும், நீங்க கடைக்கே போகாத நாள்ல இருந்தா பிடிச்சுடலாம். அதே இடத்துல கைரேகைய பூட்டியும் வைக்கலாம், தேவைப்படும்போது மட்டும் திறந்துக்கலாம். வெளியூர்ல இருக்குற பிள்ளைங்க இத ஒரு தடவை அப்பா அம்மாவுக்கு பண்ணி குடுங்க, ஆனா ரேஷன் வாங்க போற அன்னைக்கும் உரம் வாங்க போற அன்னைக்கும் திறக்கணும்ன்னு ஞாபகப்படுத்துங்க, இல்லாட்டி அங்க போய் நிப்பாங்க.

சித்தி பேர்ல போன அந்த அஞ்சு மூட்டைக்கு நாங்க எழுதி குடுத்தோம். அதிகாரி வந்து விசாரிச்சுட்டு போனாரு, கடைக்காரர கூப்பிட்டு பேசுனாரு. அதுக்கப்புறம் அந்த கடையில வாசல்லயே விலை போர்டு எழுதி வைக்கிறாங்க, தினமும் சாக்பீஸ்ல மாத்துறாங்க. சித்தி ஒரு பழைய டைரி வச்சிருக்காங்க, ஒவ்வொரு சீட்டையும் அதுல ஒட்டி பக்கத்துல மூட்டைக்கு ஒரு கோடுன்னு போட்டு வைக்கிறாங்க, இந்த குறுவைக்கு இதுவரை அஞ்சு கோடு இருக்கு.